அமெரிக்க ஹைஸ்கூலில் கிளப், ஆனர்ஸ், ஆக்டிவிட்டி: ஒன்பதாம் வகுப்பில் நுழையும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒன்பதாம் வகுப்புக்குப் போகப்போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் கோடை விடுமுறையிலேயே பேச்சு தொடங்கிவிடும். எந்தக் கிளப்பில் சேர்த்துவிடலாம், எதில் இருந்தால் நல்ல காலேஜ் கிடைக்கும் என்று வாட்ஸாப் குழுவில் ஆளுக்கொன்று சொல்வார்கள். நம் ஊரில் படித்து வந்தவர்களுக்கு இங்கத்திய ஏற்பாடு புதுசு. அங்கே என்சிசியோ என்எஸ்எஸ்ஸோ இலக்கிய மன்றமோ, ஓர் ஆசிரியர் பொறுப்பெடுத்துப் பெயர் எழுதிக்கொண்டு அழைத்துப்போவார். இங்கே கிளப்பை நடத்துவதே பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள்தான். கூட்டம் எப்போது, காசுக்கு என்ன வழி, அடுத்த வருஷம் யார் தலைவர் எல்லாம் அவர்கள் கையில். அட்வைசராக இருக்கும் ஆசிரியர் பல கிளப்புகளில் அறையைத் திறந்துவிட்டு ஓரமாகத் தாள் திருத்திக்கொண்டிருப்பார். ஆகவே பெற்றோர் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. பிள்ளை தானே போய்க் கேட்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் பிள்ளை செய்ய வேண்டியது எது, நாம் செய்ய வேண்டியது எது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

முதல் படி: பள்ளி திறப்பதற்கு முன்பே

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். இலையுதிர் பருவ விளையாட்டுகளுக்கான ஆள் தேர்வு பல இடங்களில் பள்ளி திறக்கும் முன்பே, ஆகஸ்ட் தொடக்கத்திலேயே நடந்துவிடும். மார்ச்சிங் பேண்டுக்கும் கோடையிலேயே முகாம். மருத்துவர் கையெழுத்திட்ட உடல் தகுதிப் படிவம் இல்லாமல் மைதானத்தில் இறங்க விடமாட்டார்கள். அதற்கு டாக்டரிடம் நேரம் வாங்கவே சில வாரம் ஆகலாம், ஜூனிலேயே சொல்லி வையுங்கள்.

பெரிய பள்ளியில் கூடைப்பந்து, சாக்கர் அணிகளில் இடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் கிராஸ் கன்ட்ரி ஓட்டம், டிராக் இரண்டிலும் பெரும்பாலான பள்ளிகள் வருகிற எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும். இதுவரை எந்த விளையாட்டிலும் இறங்காத பிள்ளைக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. பள்ளி தொடங்கும் நாளில் தெரிந்த முகங்கள் இருபதாவது இருக்கும்.

இதோடு இன்னொன்றையும் விசாரித்து வையுங்கள்: மாலை கிளப் முடிந்து வீடு வர பஸ் உண்டா? சில மாவட்டங்கள் தாமத பஸ் விடுகின்றன, பல விடுவதில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளை எந்தக் கிளப்பில் நிலைக்கும் என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு கேள்விதான் தீர்மானிக்கிறது. கார்பூலுக்கு அக்கம்பக்கத்தில் இரண்டு குடும்பங்களை முன்னாலேயே பிடித்து வையுங்கள்.

இரண்டாம் படி: கிளப் ஃபேர்

பள்ளி திறந்த முதல் சில வாரங்களில், மதிய உணவு நேரத்தில் முற்றத்திலோ ஜிம்மிலோ மேசை போட்டு எல்லாக் கிளப்புகளும் கடை விரிக்கும். கையால் எழுதிய போஸ்டர், ஒரு டப்பா மிட்டாய், பெயர் எழுத ஒரு தாள் அல்லது க்யூஆர் கோடு. மேசைக்குப் பின்னால் நிற்பது பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். எட்டாம் வகுப்பை இப்போதுதான் முடித்துவிட்டு வந்த பிள்ளைக்கு அந்தக் கூட்டத்தில் கூச்சம் வருவது இயல்பு.

முந்தின நாள் இரவு வீட்டில் இதைப் பேசிவிடுங்கள். எத்தனை தாளில் வேண்டுமானாலும் பெயர் எழுதலாம், அதனால் எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மேசையிலும் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி வரை? போன வருஷம் உண்மையில் என்ன செய்தீர்கள்? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் மாதத்தில் என்ன வேலை கொடுப்பீர்கள்? இரண்டாவது கேள்விக்குச் சட்டென்று பதில் வராத கிளப் பெயரளவில்தான் இருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் கிளப்பைப் பார்த்தால் விடாதீர்கள். புதியவர்களுக்கு வேலை பழக்கிக் கொடுக்கும் கிளப் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

முதல் மாதம் ஐந்தாறு கிளப்புகளின் முதல் கூட்டத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். அக்டோபர் நடுவில் இரண்டோ மூன்றோ மிஞ்சினால் போதும்.

மூன்றாம் படி: எது எப்படிப்பட்டது என்று தெரிந்து தேர்ந்தெடுப்பது

பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. ஒவ்வொன்றும் வாரத்தில் எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

பேச்சும் விவாதமும் நடக்கும் ஸ்பீச் அண்ட் டிபேட் கிளப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகளுக்கு இதனால் வரும் பலன் பெரிது. தேசிய அமைப்பு 1925-இல் தொடங்கியது. லிங்கன்-டக்ளஸ் என்பது ஒருவருக்கு ஒருவர் மோதும் விவாதம். 1858-இல் ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் நடத்திய தொடர் விவாதங்களின் பெயர் அது. பப்ளிக் ஃபோரம் என்பது இரண்டு பேர் கொண்ட அணி. தலைப்பு வருஷத்தில் பலமுறை மாறும். பிள்ளை ஒரே தலைப்பின் இரண்டு பக்கத்தையும் தயார் செய்துகொண்டு போக வேண்டும், எந்தப் பக்கம் பேச வேண்டும் என்பது சுற்றுக்குச் சுற்று மாறும். போட்டிகள் பெரும்பாலும் சனிக்கிழமை, காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு.

பெற்றோருக்கும் இதில் நேரடி வேலை உண்டு. அனுப்பும் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒவ்வொரு பள்ளியும் நடுவர்களையும் அனுப்ப வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் பிள்ளைகள் கலந்துகொள்வதே சிக்கலாகும். நடுவராக உட்காரத் தனித் திறமை எதுவும் வேண்டாம், கவனமாகக் கேட்டுக் குறிப்பெடுத்தால் போதும். “என் ஆங்கில உச்சரிப்புக்கு இதெல்லாம் சரிவருமா” என்று தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தாராளமாகச் சரிவரும். நானும் அந்த நாற்காலியில் பல சனிக்கிழமைகள் உட்கார்ந்திருக்கிறேன். பதினாலு வயதுப் பெண் கை நடுங்க எழுந்து நின்று, மூன்றாவது நிமிடத்தில் எதிரணியின் ஓட்டையைப் பிடித்து நிமிர்ந்து பேசுவதை முதல் வரிசையில் பார்க்கக் கிடைக்கும். ஒரு விதிமட்டும் உண்டு: சொந்தப் பிள்ளையின் சுற்றுக்கு நீங்கள் நடுவராக முடியாது.

சயின்ஸ் ஒலிம்பியாட் அணியில் 15 பேர், போட்டியில் 23 பிரிவுகள். உடற்கூறியலும் புவி அறிவியலும் தேர்வாக நடக்கும். சில பிரிவுகளுக்குப் பொருளைக் கையால் கட்டிக்கொண்டு போக வேண்டும். ஹைஸ்கூல் அணியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் அதிகபட்சம் 7 பேர்தான் இருக்கலாம் என்பது விதி. அதனால் எல்லாப் பள்ளிக்கும் சின்ன வகுப்புப் பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் யாரும் எடுக்கத் தயங்கும் ஒரு பிரிவைக் கையில் எடுத்து அதிலேயே ஆழமாகப் படிக்கும் பிள்ளை சீக்கிரம் முதல் அணிக்குள் வந்துவிடும்.

ரோபாட்டிக்ஸுக்குத் தனி நாள்காட்டி. டீன் கேமன் 1989-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பின் பெரிய போட்டியில், அந்த வருஷம் ரோபோக்கள் ஆட வேண்டிய விளையாட்டு என்ன என்பதையே ஜனவரியில்தான் வெளியிடுவார்கள். மார்ச், ஏப்ரலில் போட்டி. இடைப்பட்ட வாரங்களில் பிள்ளை பட்டறையே கதி என்று கிடக்கும். வார இறுதியில் நாள் முழுக்க. ரோபோ கட்டுகிறவர்கள் மட்டும் போதாது. புரோகிராம் எழுத, நன்கொடை கேட்டுக் கடை கடையாக ஏற, வீடியோ எடுக்க, கணக்குப் பார்க்க எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். திருகாணி பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கும் இடம் உண்டு.

தொழில் சார்ந்த அமைப்புகளில் டெகா வணிகம், சந்தைப்படுத்தல், எஃப்பிஎல்ஏவும் வணிகம்தான், ஹோசா மருத்துவத் துறை. இவற்றில் சேரச் சில பள்ளிகளில் தொடர்புள்ள பாடத்தை எடுத்திருக்க வேண்டும், ஆகவே பாடத் தேர்வு நேரத்திலேயே கேளுங்கள். கீ கிளப், 1925-இல் சாக்ரமெண்டோ ஹைஸ்கூலில் பிறந்தது, முழுக்க ஊர்ச் சேவை. பள்ளிச் செய்தித்தாள், வருஷ மலர் இரண்டும் பல பள்ளிகளில் மதிப்பெண்ணுள்ள வகுப்புகள். மாடல் யுஎன் என்பது ஐ.நா. சபை போலவே கூடி விவாதிப்பது. நாடகம், செஸ், பேண்டு, ஆர்க்கெஸ்ட்ரா இவையெல்லாம் பெயரிலேயே விளங்கும்.

நான்காம் படி: பத்தாம் வகுப்பில் களை எடுப்பது

ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையில் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். எந்தக் கிளப்பில் இருந்து வீட்டுக்கு வரும்போது நாம் கேட்காமலே பேசிக்கொண்டு வந்தது? எதற்குப் போகும்போதெல்லாம் ஏதாவது சாக்கு தேடியது? இரண்டாவதை விட்டுவிடலாம். ஒரு வருஷம் இருந்துவிட்டு நகர்ந்தால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

மதிப்பெண்ணுக்கும் ஆக்டிவிட்டிக்கும் நேரடி முடிச்சு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். டெக்சஸில் 1984 முதல் சட்டமே இருக்கிறது: ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் போட்டிகளில் இறங்க முடியாது. மற்ற பல மாநிலங்களிலும் அணிகளில் இருக்கக் குறைந்தபட்சத் தேர்ச்சியோ ஜிபிஏவோ (எல்லாப் பாடங்களின் மதிப்பெண் சராசரி) கேட்பார்கள். தூக்கம் குறைந்து மதிப்பெண் சரிந்தால் முதலில் குறைக்க வேண்டியது கிளப்பின் எண்ணிக்கை.

ஐந்தாம் படி: பொறுப்புக்கு வருவது

ஆஃபீசர் தேர்தல் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில். சில இடத்தில் ஓட்டு, சில இடத்தில் விண்ணப்பமும் நேர்காணலும். தலைவர் பதவியையே குறிவைக்க வேண்டியதில்லை. செயலாளரும் பொருளாளரும்தான் கிளப்பின் உள்வேலை முழுவதையும் கற்றுக்கொள்கிறார்கள்: பள்ளி அலுவலகத்தில் பணம் கட்டுவது, பஸ் கேட்டு மனுப் போடுவது, நிகழ்ச்சிக்கு அறை பதிவு செய்வது. பத்தாம் வகுப்பில் அதைச் செய்த பிள்ளைக்குப் பதினோராம் வகுப்பில் எதையும் நடத்தத் தெரியும்.

அட்வைசருக்கு மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும். நாம் படித்துப் பார்த்துத் திருத்தலாம், அனுப்பும் பெயர் பிள்ளையுடையதாக இருக்கட்டும். “என் மகளுக்கு ஏன் பொறுப்பு கிடைக்கவில்லை” என்று அப்பாவிடமிருந்து ஒரு மெயில் போனால் அடுத்த வருஷமும் அந்தப் பெண்ணுக்குச் சங்கடம்தான்.

ஆறாம் படி: இல்லாத கிளப்பைத் தொடங்குவது

பிள்ளைக்குப் பிடித்தது பள்ளியில் இல்லையென்றால் தொடங்கலாம். தமிழ்க் கிளப், கர்நாடக இசைக் கிளப், கேரம், எதுவும். 1984-இல் வந்த ஈக்வல் ஆக்ஸஸ் சட்டப்படி, மத்திய அரசின் நிதி பெறும் பொது ஹைஸ்கூல் ஒன்று, பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு மாணவர் குழுவுக்கு இடம் கொடுத்துவிட்டால், வேறொரு குழுவை அதன் மத, அரசியல், கொள்கைப் பேச்சைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: குழுவை மாணவர்களே தொடங்கியிருக்க வேண்டும், வெளியாட்கள் அதை நடத்தவோ கட்டுப்படுத்தவோ வாடிக்கையாக வந்து உட்காரவோ கூடாது. தமிழ்ச் சங்கப் பெரியவர்கள் உற்சாகத்தில் பள்ளித் தமிழ்க் கிளப்பைத் தாங்களே நடத்த இறங்கிவிடுவது உண்டு. பொங்கலுக்குப் பானை கொடுத்து உதவலாம், தலைமை மட்டும் பிள்ளைகளிடம் இருக்கட்டும்.

நடைமுறை எளிது. சம்மதிக்கும் ஓர் ஆசிரியர், பள்ளி கேட்கும் எண்ணிக்கையில் மாணவர் கையெழுத்து, ஒரு பக்க விதிமுறை, குறித்த தேதிக்குள் விண்ணப்பம். தேதியை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அது தாண்டினால் அடுத்த வருஷம்தான். நான்கு நண்பர்களை மட்டும் வைத்துத் தொடங்கும் கிளப் அந்த நால்வர் பள்ளி முடித்துப் போனதும் மூடிவிடும். முதல் வருஷமே ஒன்பதாம் வகுப்பில் இருந்து இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டால் கிளப் தப்பிக்கும்.

ஏழாம் படி: ஆனர்ஸ்

ஆனர்ஸ் என்று இங்கே சொல்வதில் மூன்று வேறு வேறு சமாச்சாரங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று ஆனர்ஸ் வகுப்பு: வழக்கமான பாடத்தின் கடினமான வடிவம், கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏபி வகுப்பைப் போல ஜிபிஏ கணக்கில் பல பள்ளிகள் இதற்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கும். இரண்டாவது, தகுதி பார்த்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் ஆனர் சொசைட்டி. மூன்றாவது, போட்டியிலோ தேர்விலோ வென்ற விருது.

ஆனர் சொசைட்டிகளில் பரவலாகத் தெரிந்தது நேஷனல் ஆனர் சொசைட்டி. பள்ளி முதல்வர்களின் தேசியச் சங்கம் 1921-இல் நிறுவியது. கல்வி, சேவை, தலைமை, ஒழுக்கம் என்று நான்கு தூண்கள். 10 முதல் 12-ஆம் வகுப்பு வரை. குறைந்தபட்ச ஜிபிஏ 4-க்கு 3.0, ஆனால் பள்ளி அதை உயர்த்திக்கொள்ளலாம், பல பள்ளிகள் உயர்த்தியிருக்கின்றன. தேர்வு செய்வது ஐந்து ஆசிரியர்கள் கொண்ட குழு. மதிப்பெண் மட்டும் இருந்து சேவை மணிநேரம் இல்லாமல் திரும்பிவருகிற நல்ல மாணவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே சேவைக் கணக்கைத் தொடங்குங்கள்: தேதி, இடம், மணி, மேற்பார்வையாளர் கையெழுத்து. உணவு வங்கி, நூலகம், வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புக்கு உதவி ஆசிரியர் வேலை, எல்லாம் சேவைதான். உங்கள் பள்ளி எதை ஏற்கும் என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். கணிதத்துக்கு மியூ ஆல்ஃபா தீட்டா போலப் பாடவாரியான சொசைட்டிகளும் உண்டு.

இதே நேரத்தில் வீட்டுக்குக் கனமான தாளில் ஒரு கடிதம் வரலாம்: “உங்கள் பிள்ளை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார், கட்டணம் செலுத்தி உறுப்பினராகுங்கள்.” தங்க முத்திரை, தலைநகரில் மாநாடு, பெரிய பெரிய வார்த்தைகள். ஒரு எளிய சோதனை இருக்கிறது. பள்ளியில் அதற்கு அட்வைசர் இருக்கிறாரா? பிள்ளை எதையாவது செய்ததற்காகத் தேர்வானதா, அல்லது பெயர்ப் பட்டியலில் இருந்ததற்காகவா? பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் கடிதத்தைக் காட்டிக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். காசு கட்டி வாங்கும் கௌரவம் விண்ணப்பத்தில் எடுபடாது.

உண்மையிலேயே எடை உள்ளவை சில. பதினோராம் வகுப்பு அக்டோபரில் எழுதும் பிஎஸ்ஏடி (கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடியின் முன்னோட்டத் தேர்வு) வழியாக வருவது நேஷனல் மெரிட் என்ற உதவித்தொகைப் போட்டி. நாடு முழுக்கச் சுமார் 16,000 பேர் அரையிறுதிக்குத் தேர்வாகிறார்கள், கட்-ஆஃப் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கணிதத்தில் நவம்பரில் நடக்கும் ஏஎம்சி போட்டித் தேர்வு: 75 நிமிடத்தில் 25 கேள்வி, நன்றாகச் செய்தால் அடுத்தது ஏஐஎம்இ, 3 மணி நேரத்தில் 15 கேள்வி. எழுத்துக்கும் ஓவியத்துக்கும் 1923 முதல் கொடுத்துவரும் ஸ்காலஸ்டிக் விருதுகள். மூன்று ஏபி தேர்வுகளில் 3 அல்லது அதற்கு மேல் எடுத்தால் ஏபி ஸ்காலர் பட்டம் தானாக வரும், விண்ணப்பமே வேண்டாம்.

நம் பிள்ளைகளுக்கென்றே வாய்ப்பான ஒன்று சீல் ஆஃப் பைலிட்டரசி. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி காட்டினால் பட்டயத்தில் முத்திரை. கலிஃபோர்னியா 2011-இல் சட்டமாக்கித் தொடங்கி வைத்தது, பிறகு மற்ற மாநிலங்களுக்குப் பரவியது. மொழித் தேர்ச்சியை அளக்கும் ஸ்டாம்ப் தேர்வில் தமிழும் இருக்கிறது. எழுதுவதையும் பேசுவதையும் பார்ப்பார்கள். வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளை எழுத்தில் தடுமாறும். பத்தாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒரு பக்கம் தமிழில் எழுதினால் பதினோராம் வகுப்பில் தைரியமாகத் தேர்வுக்கு உட்காரலாம்.

எட்டாம் படி: எழுதிவைப்பதும் விண்ணப்பத்தில் சொல்வதும்

பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பம் ஆகஸ்ட் 1-இல் திறக்கும். அதில் ஆக்டிவிட்டிக்கு 10 இடம், ஆனர்ஸுக்கு 5 இடம். ஒவ்வொரு ஆக்டிவிட்டியையும் விவரிக்க 150 எழுத்து மட்டும், இடைவெளியும் சேர்த்து. வாரத்துக்கு எத்தனை மணி, வருஷத்துக்கு எத்தனை வாரம், எந்தெந்த வகுப்பில் என்று தனித்தனியாகக் கேட்கும். யுசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களின் விண்ணப்பம் வேறு; அங்கே ஆக்டிவிட்டியும் விருதும் சேர்த்து 20 வரை, விவரிக்க 350 எழுத்து.

பன்னிரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்பை நினைவுபடுத்த முடியாது. ஒரு கூகுள் ஷீட் திறந்து மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

அந்த 150 எழுத்தில் என்ன எழுதுவது என்பதற்கு ஒரு மாதிரி. “ரோபாட்டிக்ஸ் கிளப்பில் ஆர்வமுள்ள உறுப்பினர், பல போட்டிகளில் பங்கேற்றுக் குழுவாக வேலை செய்யக் கற்றேன்.” இதை வைத்து அந்தப் பிள்ளையைப் பற்றி எதுவும் தெரியவில்லை. அதே பிள்ளையிடம் “சரி, நீ அங்கே போய் என்னதான் செய்வாய்” என்று கேட்டால் வேறு கதை வரும். அதை எழுதலாம்: “ரோபோவின் கைக்கு மூன்று மாதிரி வரைந்து, இரண்டை உடைத்து, மூன்றாவதைப் பொருத்தினேன். ஆறு புதியவர்களுக்கு வயரிங் சொல்லிக்கொடுத்தேன்.” பதவிப் பெயர் இல்லாமலே ஆள் கண்முன் நிற்கிறார்.

பள்ளிக்கு வெளியே செய்வதும் இதே பட்டியலில் வரும். பரதநாட்டியம், மிருதங்கம், கோவில் சமையலறைச் சேவை, வீட்டில் உடம்பு முடியாத தாத்தாவைப் பார்த்துக்கொள்வது, தம்பியைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது. குடும்பப் பொறுப்புக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. தினமும் மாலை அந்த வேலை இருப்பதால் கிளப்பில் சேர முடியாத பிள்ளை அதைத் தயங்காமல் எழுத வேண்டும்.

விசா பற்றி ஒரு எச்சரிக்கை. ஹெச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவர்களின் குடும்பத்துக்கான ஹெச்-4-இல் இருக்கும் பிள்ளை சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. கோடைகால இன்டர்ன்ஷிப்பில் உதவித்தொகை என்ற பெயரில் பணம் கொடுத்தாலும், வாங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

கடைசிப் படி: கைமாற்றிக் கொடுப்பது

விண்ணப்பங்கள் போனதும் ஜனவரியில் பல சீனியர்கள் (பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்) கிளப்பை மறந்துவிடுவார்கள். பொறுப்பில் இருக்கும் பிள்ளையை அப்படி விட வேண்டாம். தேர்தல் முடிந்த வாரமே புதிய ஆஃபீசர்களுடன் உட்கார்ந்து கொடுக்க வேண்டியவை: கிளப் மின்னஞ்சலின் கடவுச்சொல், பள்ளிக் கணக்கில் மிச்சமிருக்கும் பணம், நன்கொடை கொடுத்த கடைகளின் பெயரும் யாரைப் பார்க்க வேண்டும் என்பதும், வருஷம் முழுக்க எந்தத் தேதிக்குள் எந்தப் படிவம் என்ற ஒரு பக்கக் குறிப்பு. அட்வைசரிடமும் அதில் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.